நெஞ்சு வருத்தம்

14 பெப்ரவரி 2025, வெள்ளி

கோயிலில் இன்று அப்பா சேட்டைக் கழற்றவில்லை. மற்ற ஆம்பிளைகள் எல்லாரும் கழற்றி இடுப்பில் சுற்றிக்கொண்டு உள்ளே போக, இவர் மட்டும் பின்னால் பெண்களோடு நின்றார். பக்கத்து ஃப்ளாட் சிவபாலன் அண்ணை விடுவாரா? "என்ன நாகேந்திரம் அண்ணை, பொம்பிளையளின்ரை பக்கம் வந்திட்டியள்?" என்று பகிடி விட்டார். அப்பா சிரிக்கவில்லை. தடிமன், மூக்கு ஒழுகுது என்றார். தடிமனாம்! வெள்ளவத்தைப் புழுக்கத்தில் எனக்கே பிளவுஸ் நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது. அம்மா உயிரோடு இருந்திருந்தால் அந்த இடத்திலேயே விசாரணை நடந்திருக்கும். நான் ஒன்றும் கேட்கவில்லை. அப்பாவிடம் கேள்வி கேட்டுப் பதில் வாங்குகிற வித்தை அம்மாவோடு போய்விட்டது.

17 பெப்ரவரி, திங்கள்

உடுப்புத் தோய்க்க எடுத்தேன். அப்பாவின் பெனியனில் இடது பக்கம் ஒரு கறை. நேற்றைய பெனியனிலும் அதே இடத்தில்.

"இதென்னப்பா?"

"ஏதோ கடிச்சுது."

"காட்டுங்கோ பாப்பம்."

"உனக்கென்னத்தைக் காட்டுறது? போய் உன்ரை வேலையைப் பார்."

அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். கொள்ளுப்பிட்டி அலுவலகத்தில் நாள் முழுக்கக் காப்புறுதிக்காரரோடு மல்லுக்கட்டுகிறேன், வீட்டில் ஒரு மனிதரை அசைக்க முடியவில்லை.

19 பெப்ரவரி, புதன்

காட்டினார். லீவு போட்டுவிட்டுக் கதவுக்கு முன்னால் கதிரை போட்டு இருந்தேன். மத்தியானம் போலத் திறந்தார். முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு பெனியனைத் தூக்கினார்.

இடது காம்பு உள்ளே இழுபட்டுப் போயிருக்கிறது. கீழே ஒரு கட்டி. தொட்டேன், அசையவில்லை, கல் மாதிரி. நோகுதோ என்று கேட்டேன். இல்லையாம். எப்ப இருந்து? "போன நல்லூர்த் திருவிழா நேரம்." ஆறு மாதமாகவா! ஒரு வீட்டுக்குள் இரண்டு பேர் இருந்துகொண்டு – எனக்கு ஏன் தெரியாமல் போனது?

குளிக்கும்போது தொட்டுத் தொட்டுப் பார்த்த அம்மாவின் பயம் எனக்குத் தெரியும். பொம்பிளைகளுக்கு வருகிற பயம் அது. ஆம்பிளைக்கு வருமா?

22 பெப்ரவரி, சனி

வருமாம். தெருமுனை டொக்டர் சொன்னார், "குறைவு, ஆனா வரும் ஐயா. ஸ்கேன் செய்து, ஊசி குத்திப் பார்த்தால்தான் சொல்லலாம்." அப்பா ஏதோ கூடாத பகிடியைக் கேட்டவர் மாதிரி அவரைப் பார்த்தார். பஸ் ஓடுகிற காலி வீதிக்கு வந்ததும், "உவன் படிச்சுப் பாஸ் பண்ணினவனோ?" என்றார். வீடு வரும்வரை எனக்கு முன்னால் விறுவிறு என்று நடந்தார். படியில் நின்று சொன்னார், "ஒருத்தருக்கும் சொல்லாதை பிள்ளை. நாலு பேர் சிரிப்பாங்கள்."

23 பெப்ரவரி, ஞாயிறு

கொட்டாஞ்சேனையிலிருந்து அன்னபாக்கியம் மாமி கோல் எடுத்தார். அப்பாவுக்கு இருக்கிற ஒரே அக்கா. டொக்டரிடம் போன செய்தி சிவபாலன் அண்ணை வாயால் அங்கே போய்ச் சேர்ந்துவிட்டது.

"சுபோ, தம்பிக்கு என்னடி?"

அப்பா முன்னால் இருந்து கையை ஆட்டுகிறார், வேண்டாம், வேண்டாம் என்று. என் வாயில் வந்தது இதுதான்: "நெஞ்சிலை ஒரு சின்ன வருத்தம் மாமி."

"ஐயோ, ஹார்ட்டோ?"

நான் ஓம் என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. மார்பும் நெஞ்சுதானே? பொய் என்று யார் சொல்ல முடியும்? போனை வைத்ததும் அப்பா, "கெட்டிக்காரி" என்றார். கனகாலத்துக்குப் பிறகு கிடைத்த பாராட்டு.

27 பெப்ரவரி, வியாழன்

முழு ஃப்ளாட்டுக்கும் அப்பா ஹார்ட் பேஷண்ட் ஆகிவிட்டார். சிவபாலன் அண்ணை ஹார்ட்டுக்கு நல்லதென்று உள்ளிப்பூண்டு உரித்துக்கொண்டு வந்து தருகிறார். மாமி மருதம்பட்டை அனுப்பியிருக்கிறார், உப்பைக் குறைக்கச் சொல்லி உத்தரவும் கூடவே. அப்பா படியேறும்போது ஆட்களைக் கண்டால் நெஞ்சைப் பிடித்துக்கொள்ளவும் பழகிவிட்டார். பார்த்துவிட்டுச் சிரித்தேன். பிறகு குசினிக்குள் போய் அழுதேன்.

5 மார்ச், புதன்

ஸ்கேன். காத்திருக்கிற வாங்கு முழுக்கப் பெண்கள் இருந்தார்கள். அப்பா ஒருவர்தான் ஆண். உள்ளே போக எழும்பினார், வாசலில் நின்ற பெண் மறித்து, "தாத்தா எலியே இன்ன" என்றாள். தகப்பன்மார் வெளியில் நிற்க வேண்டுமாம். என்னைத்தான் நோயாளி என்று நினைத்துவிட்டாள். இல்லை, இவருக்குத்தான் என்று சிங்களத்தில் விளங்கப்படுத்தினேன். வாங்கில் இருந்த அத்தனை தலையும் திரும்பியது. அப்பா அப்படியே வாசலைப் பார்த்து நடக்கத் தொடங்கிவிட்டார்.

நிறுத்தியது நான் அல்ல. கடைசியில் இருந்த ஒரு முஸ்லிம் பெண், ஐம்பது வயதிருக்கும், உம்மு குல்தூம் என்று பிறகு பெயர் சொன்னார். "அங்கிள், எங்க போறீங்க? இதுல வெக்கப்பட என்ன ஈக்கி? எனக்கு ஒரு பக்கம் எடுத்தாச்சி, மத்தப் பக்கம் பாக்க வந்தீக்கன். வாங்க, இதுல குந்துங்க." நகர்ந்து இடம் விட்டார். அப்பா போய் இருந்தார். சொன்னால் கேட்கிற ஆளா அவர்? அந்த அம்மா சொன்னதைக் கேட்டார்.

ஊசி குத்தியபோது அப்பா என் கையைப் பிடித்திருந்தார். என் விரல் இன்னும் நோகிறது.

18 மார்ச், செவ்வாய்

அதுதான்.

19 மார்ச், புதன்

நேற்று எழுத முடியவில்லை. ரிப்போர்ட்டைப் பார்த்த டொக்டர் மகரகமை ஆஸ்பத்திரிக்கு எழுதித் தந்தார். கொழும்பில் அந்த ஊரின் பெயரைச் சொன்னால் போதும், நோயின் பெயரைச் சொல்லத் தேவையில்லை. "மகரகமைக்குப் போறாராம்" என்றால் கேட்டவர் குரலைத் தாழ்த்திக்கொள்வார். பஸ்ஸில் வரமாட்டேன் என்றார் அப்பா. யாராவது கண்டால்? ஓட்டோவில் போனோம். வெயிலுக்கு என்று சொல்லித் துவாயைத் தலையில் போட்டுக்கொண்டார்.

2 ஏப்ரல், புதன்

இடது மார்பை முழுதாக எடுத்துவிட்டார்கள். கமக்கட்டுக்குள் இருந்தும் எடுத்திருக்கிறார்கள். அரை மயக்கத்தில், "பிள்ளை, மூடி விடு, மூடி விடு" என்றார். மூடித்தான் இருந்தது.

மாமி வரவில்லை. அவருடைய மகள் நிருஷா கோல் எடுத்தாள். "அம்மாவுக்கும் நெஞ்சு பாரமாக் கிடக்காம் அக்கா, படுத்திருக்கிறா. உங்கடை குடும்ப வருத்தம் போலை." அப்பாவின் ஹார்ட் ஒப்பரேஷன் எப்படி நடந்தது என்று கேட்டாள். நல்லபடியாக முடிந்தது என்றேன்.

14 ஏப்ரல், திங்கள்

வருஷப்பிறப்பு. அப்பாவின் இடது கை தோளுக்கு மேல் எழும்பவில்லை. குளிக்க முதல் வைக்கிற மருத்துநீரை நான்தான் அவர் தலையில் வைத்தேன்.

24 ஏப்ரல், வியாழன்

கிளினிக். குளிசை தந்திருக்கிறார்கள், வருஷக்கணக்கில் போடவேண்டும். அதோடு டொக்டர் கேட்டார்: பெண் பிள்ளைகள் இருக்கிறார்களா? சகோதரிகள்? ஆணுக்கு இது வந்தால் குடும்பத்துப் பெண்கள் எல்லாரும் கட்டாயம் பரிசோதிக்க வேண்டுமாம், இரத்தத்தில் வருவதாகவும் இருக்கலாமாம். அப்பா திரும்பி என்னைப் பார்த்தார். இவ்வளவு நாளும் தன் வெட்கத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், இன்றுதான் என்னைப் பார்த்தார்.

வீட்டுக்கு வந்து சண்டை.

"மாமிக்குச் சொல்லவேணும்."

"அக்காவுக்குச் சொன்னா கொட்டாஞ்சேனை முழுக்கத் தெரியும்."

"தெரியட்டும்! என்ன இப்ப? களவெடுத்தனீங்களே? கொலை செய்தனீங்களே?"

"நீ முதல் போய்க் காட்டு. உனக்கு ஒண்டுமில்லையெண்டு தெரிஞ்சாப் பிறகு பாப்பம்."

பிறகு பாப்பம், பிறகு பாப்பம்! இந்த மனுசனோடை என்னாலை ஏலாது.

8 மே, வியாழன்

எனக்கு ஒன்றுமில்லை. ரிப்போர்ட்டோடு வெளியே வந்தேன், அப்பா கதிரையில் இருக்காமல் நின்றுகொண்டிருந்தார். சொன்னதும் படிக்கட்டில் குந்திவிட்டார். அம்மா செத்தபோது கூட என் முன்னால் அழாத மனிதர், போகிற வருகிற சனத்துக்கு முன்னால் அழுதார். கண்ணைத் துடைத்துவிட்டு, "சனிக்கிழமை அக்காட்டைப் போவம்" என்றார்.

10 மே, சனி

மாமி வீடு. எழுதவேண்டும், எல்லாவற்றையும் எழுதவேண்டும்.

மாமி கட்டிலில் சாய்ந்திருந்தார். பாதியாகிவிட்டார். நிருஷா தேத்தண்ணி போடப் போனாள். அப்பா வாயைத் திறந்தார், நிறுத்தினார், பிறகு ஒரே மூச்சில் சொன்னார். "அக்கா, எனக்கு ஹார்ட்டிலை ஒண்டுமில்லை. மார்பிலை கான்சர். வெட்டி எடுத்தாச்சு." மாமி நம்பாமல் பார்த்தார். அப்பா சேட்டுப் பொத்தானைக் கழற்றினார். அந்தத் தழும்பை, நான் மருந்து கட்டும்போது கூடப் பார்க்க விடாமல் முகத்தைத் திருப்பிக்கொள்கிற அந்த இடத்தை, அக்காவுக்குத் திறந்து காட்டினார்.

மாமி நிமிர்ந்து இருந்தார். குசினிப் பக்கம் ஒரு தரம் எட்டிப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார், "நானும் நிருஷாட்டை நெஞ்சு எண்டுதான் சொல்லி வைச்சிருக்கிறன், தம்பி."

அப்பா சேட்டைப் பூட்டாமல் அப்படியே நின்றார்.

"எந்த நெஞ்சு, அக்கா?"

மாமி சேலைத் தலைப்புக்கு மேலே, வலது பக்கம், கையை வைத்தார்.

பொங்கலுக்கு முதலே தெரியுமாம். காட்டுவோமா விடுவோமா என்று இருந்தாராம். "உனக்கு ஹார்ட் எண்டு சுபோ சொன்னாள். எனக்கும் அது சொல்ல வசதியாப் போச்சு. கேக்கிற சனமும் நம்பிட்டுது."

11 மே, ஞாயிறு

என்னுடைய சொல். மாமி அதை வாங்கிப் போர்த்திக்கொண்டு படுத்திருந்திருக்கிறார். பெப்ரவரியில் நான் வாயைத் திறந்து மார்பு என்று சொல்லியிருந்தால்? ஒரு எழுத்துக் கூட அதிகமில்லை. ஏன் வரவில்லை அந்தச் சொல்லு என்ரை வாயிலை?

12 ஜூன், வியாழன்

மாமிக்கு ஈரல் வரைக்கும் போய்விட்டதாம். கொஞ்சம் முந்தி வந்திருக்கலாம் என்று டொக்டர் சொன்னார். எல்லாருக்கும் அப்படித்தான் சொல்லுவார்கள் என்று நிருஷா என்னைத் தேற்றினாள். அவள் என்னைத் தேற்றுகிறாள்.

20 ஜூலை, ஞாயிறு

மகரகமைக்கு இப்போது அப்பாதான் மாமியைக் கூட்டிக்கொண்டு போய்வருகிறார். பஸ்ஸில் போகலாம் என்றாராம் மாமி, சனத்தைப் பார்த்துக்கொண்டு போகலாமாம். இரண்டு பேரும் சின்ன வயதுச் சண்டைகளைக் கதைத்துக்கொண்டு போகிறார்களாம். வந்ததும் அப்பா சாப்பிடாமல் படுத்துவிடுகிறார்.

10 செப்ரெம்பர், புதன்

நேற்று முன்தினம் மாமி போய்விட்டார். இன்று எடுத்தாயிற்று.

செத்தவீட்டில் அப்பா வாசலிலேயே கதிரை போட்டு இருந்தார். வந்தவர்கள் எல்லாரும் அதைத்தான் கேட்டார்கள், "நெஞ்சு வருத்தமாமே?" அப்பா ஒருவரையும் அந்தச் சொல்லோடு உள்ளே விடவில்லை. "நெஞ்சு இல்லை. மார்பிலை கான்சர். எனக்கும் அதுதான், எடுத்தாச்சு. வீட்டிலை பொம்பிளையளைக் கிளினிக்கிலை காட்டுங்கோ. நீங்களும் காட்டுங்கோ." சிவபாலன் அண்ணைக்கும் அதே பதில். அவர் அப்பாவின் தோளில் கையை வைத்தார். பறைச் சத்தத்துக்குள்ளும் அப்பா குரலை உயர்த்தி, திரும்பத் திரும்ப, தொண்டை கட்டும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். உள்ளே பெண்கள் ஒப்பாரியை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். எனக்கு வெட்கமாக இல்லை. மாமி கேட்கவில்லையே என்றுதான் இருந்தது.

எல்லாரும் போனபின் வாசலைக் கழுவிக்கொண்டிருந்தேன். மாமியின் பக்கத்து வீட்டு எவ்லின் அக்கா வந்து வாளியைப் பிடித்துத் தந்தார். போகாமல் நின்றார்.

"அப்பா சொன்ன கிளினிக் எங்க இருக்கு தங்கச்சி?"

"மகளுக்கோ அக்கா?"

"இல்ல. எனக்குத்தான்."

நாளைக்கே கூட்டிப் போகிறேன் என்றேன். பிறகுதான் நினைவு வந்தது, நாளைக்குச் சாம்பல் அள்ள வேண்டும், அப்பாவை விட்டுவிட்டு வர முடியாது. ஆகவே வெள்ளிக்கிழமை என்று பேசிக்கொண்டோம்.