குகையில் விளக்கை அணைத்தபோது

நம் பெரியவளின் அம்மாவுக்கு, நான் சொல்லச் சொல்ல, அறையில் உடனிருக்கும் சமையல்காரத் தம்பி எழுதுவது. நான் சுகம். உன் முழங்கால் வலி தேவலையா? கண்ணுக்கு மருந்து விடுகிறாயா?

ஞாயிற்றுக்கிழமை எங்கள் சலவைக்கூடத்து ஆட்களை வேனில் ஏற்றி, குகைகள் உள்ள தேசியப் பூங்காவுக்குக் கூட்டிப்போனார்கள். உள்ளே பாறை, ஈரச்சேலையைக் கொடியில் போட்டதுபோல மடிப்பு மடிப்பாகத் தொங்குகிறது. "இதையும் இஸ்திரி போடச் சொல்லி நம்ம தலையிலதான் கட்டுவாங்க" என்றேன். ஒரே சிரிப்பு.

பிறகு வழிகாட்டி, குகையின் இருட்டைக் காட்டுவதற்காக விளக்குகளை அணைத்தார். என் கையே எனக்குத் தெரியவில்லை. பெரியவள் பிறந்த வருஷத்துப் புயலிலிருந்து, கரண்டு போனால் கேட்பேனே, அதேபோல, "ஏய், இருக்கியா?" என்று வாய் தானாகக் கேட்டுவிட்டது. "எங்க போகப் போறேன்?" என்று சொல்ல நீ இல்லை. "நான் இருக்கேன் பெரியவரே, பயப்படாதீங்க" என்று வேன் டிரைவர் என் தோளைப் பிடித்துக்கொண்டார். பயமெல்லாம் இல்லை; உள்ளே குளிர், கொஞ்சம் நடுங்கினேன்.

நான் ஊருக்கு வந்தால்தான் கண் ஆபரேஷனுக்குப் போவதாக நீ அடம்பிடிக்கிறாய் என்று பெரியவள் சொன்னபோது கோபம் வந்தது. இப்போது இல்லை. மேலாளரிடம் லீவு கேட்டேன், கொடுத்துவிட்டார். ஆபரேஷனுக்கு அடுத்த மாதத்தில் தேதி வாங்கப் பெரியவளிடம் சொல். கண்ணில் கட்டோடு "இருக்கீங்களா?" என்று நீ கேட்டால், "எங்க போகப் போறேன்?" என்று நான் சொல்வேன்.

தம்பிக்குச் சமையலுக்கு நேரமாகிவிட்டது, பேனாவை மூடப்போகிறான். என் பாயை உதறி, உன் கட்டிலுக்குப் பக்கத்திலேயே போட்டு வை.