ஒற்றை அம்போடு அச்சேறிய பக்கம்

என் பிரியமான அத்தானுக்கு,

உங்கள் ரசாயனப் புத்தகம் வந்துவிட்டது. மெர்டேக்கா சுதந்திர நாளுக்கு முன்பே வரவேண்டியது, பிந்திவிட்டது. அட்டையில் உங்கள் பெயரைப் பார்த்து அக்கா வெகுநேரம் அழுதாள்.

காஜா பேராங்கில் நான் அச்சுக்கோக்கும் அச்சகத்தில் அம்புக்குறியே கிடையாது என்றதும் நீங்கள் சிரித்தது நினைவிருக்கிறதா? கோடு அச்சிடும் பித்தளைத் தகட்டைத் துண்டு துண்டாக வெட்டி, நுனியை அரத்தால் தேய்த்து நாமே செய்துகொண்டோம். மேலே ‘வெப்பம்’ என்று போட வேண்டிய இடத்துக்கு நீளமான அம்பு. இரு திசையிலும் நடக்கும் வினைக்கு, பாதி முனையுள்ள இரண்டு அம்புகள் எதிரெதிராக. அந்தப் பாதி முனைதான் என் விரல்களைப் பதம் பார்த்தது.

நீங்கள் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது அச்சுப்படியைக் கொண்டுவந்தேன். மூச்சு வாங்கிக்கொண்டே ஒரு வரியைக் காட்டினீர்கள்.

“அம்மோனியாவுக்கு ஒத்த அம்பு போட்டிருக்க மச்சான். அது உண்டாகும், திரும்ப உடைஞ்சும் போகும். பிள்ளைங்க தப்பாப் படிச்சிடக் கூடாது.”

நீங்கள் பார்க்கும்வரை காத்திராமல் அந்தப் பக்கம் அன்று காலையே அச்சாகியிருந்தது. பாதி முனை ஒன்று உடைந்துபோக, அவசரத்தில் நான்தான் ஒற்றை அம்பை வைத்துவிட்டேன். உங்கள் முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல வாய் வரவில்லை.

“மாத்திடுறேன் அத்தான்” என்றேன். நிம்மதியாகக் கண்ணை மூடிக்கொண்டீர்கள். இரண்டாம் நாள் போய்விட்டீர்கள்.

முதலாளியிடம் கெஞ்சிப் பார்த்தேன். “ஒரு அம்புக்காக, ஒரே தாள்ல இருக்கிற எட்டுப் பக்கத்தயும் திரும்ப அடிக்கச் சொல்றியா? தாளுக்கு எங்க போறது?” என்றார். நான் என்ன செய்திருக்க முடியும்?

போன வாரம் புக்கிட் காதிலிலிருந்து ஓர் ஆசிரியை அச்சகத்துக்கு வந்தார். அந்தப் பக்கத்தை விரித்துவைத்து, “இதுகூடவா சாருக்குத் தெரியல?” என்று கேட்டார். தப்பு என்னுடையது என்று சொல்வதற்குள் அவர் படியிறங்கிவிட்டார்.

வீட்டுக்கு வந்து அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் திட்டவில்லை. உங்கள் பேனாவை எடுத்துவந்து என் முன்னால் வைத்தாள், அவ்வளவுதான்.

விற்காத பிரதிகளில் அந்த அம்புக்குக் கீழே எதிர்த்திசையில் இன்னொன்றை வரைந்துவருகிறேன். கோணலாகத்தான் வருகிறது. விற்றவை எங்கெங்கே போயினவோ? உஜோங் பாசிரோ, புக்கிட் ரம்பாயோ, தேடிப் போகிறேன். நாளை முதலில் புக்கிட் காதில். அந்த ஆசிரியையின் வகுப்பில், பிள்ளைகள் முன்னால், தவறியது என் கை என்று சொல்லிவிடுவேன். இதையாவது செய்வேன் அத்தான், நம்புங்கள்.

உங்களிடம் உண்மையைச் சொல்லாமல் விட்ட
மைத்துனன்