செத்தவீட்டுக் கார்ட்

நொய்கெல்ன், பேர்லின்
05.02.2004

மதிப்புக்குரிய புஷ்பமலர் அக்காவுக்கு,

பேர்லினிலிருந்து கணேசலிங்கம் எழுதுவது. உங்கள் சுகத்தை விசாரித்துக் கடிதத்தைத் தொடங்க எனக்கு மனம் வரவில்லை. பிள்ளையைப் பறிகொடுத்த தாயிடம் சுகம் கேட்கவும் ஒரு துணிவு வேண்டும். இதை இங்கே எங்களோடு பழகுகிற கொறற்றி அக்காவிடம் கொடுத்துவிடுகிறேன். அவ ஞாயிற்றுக்கிழமை ஊருக்கு விமானம் ஏறுகிறா. கொடிகாமத்துக்கு நேரில் வந்து உங்கள் கையில் தருவதாகச் சொல்லியிருக்கிறா. தபாலில் போட்டால் பதினாறாம் திகதி அந்தியேட்டிக் கிரியைக்கு முதல் வந்து சேருமோ தெரியாது.

அக்கா, நீங்கள் இரண்டு தரம் தொலைபேசி எடுத்தீர்கள். முதல் தரம், படங்களைக் கழுவக் கொடுத்திருக்கிறேன் என்றேன். இரண்டாம் தரம், கடைக்காரன் லீவில் நிற்கிறான் என்றேன். இரண்டும் பொய். செத்தவீட்டில் எடுத்ததில் தம்பி சிறீதரனின் முகம் தெரிகிற ஒரு படம்கூட என்னிடம் இல்லை. இருந்ததை நானே என் கையால் அழித்துவிட்டேன்.

இதை மறைத்துக்கொண்டே இருந்திருப்பேன், அவ்வளவு பயந்தவன் நான். ஆனால் போன செவ்வாய்க்கிழமை நீங்கள் சொன்னது என்னைப் படுக்கவிடுகிறதில்லை. “இவ்வளவு நாளாப் படம் வரேல்லையெண்டா அது என்ர பிள்ளையா இராது தம்பி. வேற ஆரையோ மாறிச் சொல்லிப்போட்டினம். முகத்தைக் காணாமல் நான் அந்தியேட்டி செய்யமாட்டன்” என்றீர்கள். அதைச் சொல்லும்போது உங்கள் குரலில் ஒரு சந்தோசம் இருந்தது, அக்கா. ஐயோ, அந்தச் சந்தோசத்தை நான்தானே உண்டாக்கிவிட்டேன். ஆனபடியால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். வாசித்துவிட்டு என்னை என்ன பேச்சு வேண்டுமானாலும் பேசுங்கள்.

நான் இங்கே முதியோர் இல்லம் ஒன்றின் சமையலறையில் வேலை செய்கிறேன். சனி ஞாயிறுகளில் எங்கள் சனத்தின் கலியாணம், பெண்பிள்ளைகள் பெரியபிள்ளையாகிற சாமத்தியவீடு, செத்தவீடு எல்லாவற்றுக்கும் படம் எடுப்பேன். பதினொரு வருசப் பழக்கம். போன வருசம் ஃபிலிம் கமெராவை வைத்துவிட்டு டிஜிற்றல் வாங்கினேன். அதைத் தானாக எடுக்கவிட்டால் எங்கள் சனத்தின் முகம் விழாது. கமெராவுக்கு ஆள் தெரியாது, வெளிச்சம் மட்டும்தான் தெரியும். செத்தவீட்டில் வெள்ளைச் சேலை, வெள்ளை வேட்டி, பெட்டிக்குள்ளே வெள்ளைப் பட்டு. இவ்வளவு வெள்ளையைக் கண்டால் அது படம் முழுவதையும் இருட்டாக்கிவிடும். சேலை சாம்பல் நிறமாகும், முகம் கரியாகும். ஒரு செத்தவீட்டுப் படத்தைப் பார்த்துவிட்டு, இதிலே எங்கள் ஐயா எங்கே என்று ஒரு பிள்ளை கேட்டது. அந்த வெட்கத்தில் மாலைப் பள்ளிக்கூடத்துக்குப் போய் எல்லாவற்றையும் கையால் வைக்கப் பழகினேன். லென்சின் வாயை எவ்வளவு திறப்பது, எவ்வளவு நேரம் திறந்து வைப்பது, எந்த இடத்து வெளிச்சத்தை அளப்பது என்று எட்டுக் கிழமை படித்தேன். அந்த வகுப்பில் நான் ஒருவன்தான் கறுவல். வாத்தியார் என் கன்னத்தில்தான் எல்லாருக்கும் அளந்து காட்டினார். அதற்குப் பிறகு ஒரு முகமும் எனக்குப் பிழைத்ததில்லை. அந்தப் பெருமையும் எனக்கு இருந்தது, ஒளிக்காமல் சொல்கிறேன்.

இனிக் கார்ட் விசயம். இந்தக் கமெராவில் ஃபிலிமுக்குப் பதில் தீப்பெட்டி அளவில் ஒரு கார்ட். படமெல்லாம் அதற்குள்தான். முந்தி ஒரு கலியாண வீட்டில் பொம்பிளையின் தாய் என் கமெராவை வாங்கிப் பின்பக்கம் பார்த்துக்கொண்டு போக, போன கிழமைச் செத்தவீட்டுப் பெட்டி வந்துவிட்டது. மனுசி குளறின குளறலில் மேளக்காரரும் நிறுத்திப்போட்டார்கள். தீட்டுத் துடக்குப் படத்தைக் கலியாண வீட்டுக்குள் கொண்டுவந்துவிட்டான் என்று மூன்று மாதம் ஒருவரும் என்னைக் கூப்பிடவில்லை. அன்றிலிருந்து இரண்டு கார்ட். நல்ல காரியத்துக்குப் புதியது, அதன் மூலையில் சந்தனம்கூட வைத்திருக்கிறேன். செத்தவீட்டுக்குப் பழையது. அதைத் தனியாக ஒரு கறுப்புப் பைக்குள் போட்டு வீட்டுக்கு வெளியே நிலவறையில் வைப்பேன். ஈரம் பிடிக்கும் இடம். அது எப்போதாவது கோளாறு காட்டும். அதிலே ஒன்றும் கெட்டுப்போகாது என்று விட்டுவிட்டேன்.

ஜனவரி இருபத்துமூன்றாம் திகதி, வெள்ளிக்கிழமை, தம்பியின் செத்தவீடு. சுடலை மண்டபத்தில் எங்களுக்குத் தந்தது ஒரு மணித்தியாலம். வீடியோவுக்கும் ஒருவரைப் பிடிப்போமோ என்று, அவனோடு ஒரே அறையில் இருந்த ஜேசுரட்ணம் கேட்டார். நான் இருக்கிறேன்தானே என்று சொன்னவன் நான். ஆரம்பத்திலேயே முகத்தை எடுத்தேன். கிட்ட நின்று, கால்மாட்டில் நின்று, ஒவ்வொருவராகத் தலைமாட்டில் நிறுத்தி. வாய்க்கரிசி போட்டு முடிகிற நேரம் எண்பது படம் ஆகியிருக்கும். அப்போது கமெரா நின்றுவிட்டது. கார்ட்டை வாசிக்க முடியவில்லை, அழித்துப் புதிதாக்கவா என்று கேட்கிறது.

அந்த நேரத்தில் என்ன செய்யவேண்டும் என்று எனக்குத் தெரியும், அக்கா. தெரியாமல் செய்தேன் என்று சொல்ல வழியில்லை. கார்ட்டைக் கழற்றிப் பத்திரமாக வைத்துவிட்டு வேறு கார்ட் போடவேண்டும். வேறு கார்ட் என் சட்டைப் பையில் இருந்தது, சந்தனம் வைத்த கார்ட். மறுநாள் ஒரு சாமத்தியவீடு. அதற்குள் உங்கள் பிள்ளையின் பிரேதத்தைப் போட எனக்குப் பயமாக இருந்தது. ஒரு சின்னக் கார்ட்டுக்குத் துடக்குப் பார்த்தேன். ஓம், அழி என்று அமத்திவிட்டேன். முகத்தைத் திரும்ப எடுக்கலாம் என்றுதான் நினைத்தேன்.

நிமிர்ந்து பார்க்கிறேன், பெட்டியை மூடிவிட்டார்கள்.

ஒரு நிமிசம் திறவுங்கள் என்று கேட்டிருந்தால் திறந்திருப்பார்கள். அந்த மண்டபத்து மனிசன் நல்ல மனிசன். கேட்டால் இவனுக்குப் படம் பிழைத்துவிட்டது என்று சனத்துக்குத் தெரிந்துவிடும். அந்த ஒரு வெட்கத்துக்காக வாயைத் திறக்காமல் நின்றேன். நின்று, ஒன்றும் நடவாதது போல மூடிய பெட்டியையும் மலர் வளையங்களையும் இன்னும் எழுபது படம் எடுத்தேன். வேறு ஆட்களும் எடுக்கவில்லை. ஜேசுரட்ணத்தின் கைத்தொலைபேசியில் ஒன்று இருக்கிறது, முத்திரை அளவில். அதில் பூ மட்டும்தான் தெரிகிறது.

கோவிலில் பழக்கமான தியாகு என்ற தமிழ்நாட்டுப் பிள்ளை கம்ப்யூட்டர் வேலை செய்கிறது. கார்ட்டை அதனிடம் கொடுத்தேன். மூன்று நாள் வைத்துப் பார்த்துவிட்டு, “ஃபார்மட் பண்ணினதோட விட்டிருந்தீங்கன்னா எடுத்திருக்கலாம் சார். நீங்க மேல மேல ஷூட் பண்ணிட்டீங்க, பழசு மேல புதுசு ஏறிடுச்சு” என்று சொல்லித் தலையைக் குனிந்துகொண்டது. கமெரா நிற்க முதல் கடைசியாக எடுத்த பத்துப் படம் மட்டும் மிஞ்சியிருக்கிறது, அரிசியோடு நிற்கிற ஆட்களின் முதுகு. முதலில் எடுத்த முகமெல்லாம் போய்விட்டது. அவன் முகம் இருந்த இடத்தில் இப்போது மூடிய பெட்டி இருக்கிறது.

அக்கா, படம் இல்லாதது என்னுடைய பிழை. அது அவன் உயிரோடு இருப்பதற்கு அத்தாட்சி இல்லை. தயவுசெய்து அப்படி எடுத்துவிடாதீர்கள்.

நான் பார்த்ததை எழுதுகிறேன். நெற்றியில் மூன்று குறி விபூதி. ஜேசுரட்ணம் வேதக்காரர் என்றாலும், தானே பூசவேண்டும் என்று அழுது பூசினவர். தாடியை வழித்திருந்தார்கள். பனியில் சைக்கிள் சறுக்கி லொறியில் அடிபட்ட காயம் தலையின் பின்பக்கம், முகத்துக்கு ஒன்றும் இல்லை. கண் நன்றாக மூடியிருந்தது. வாய் கொஞ்சம் திறந்தபடி, ஏதோ கேட்க வந்து மறந்தவன் போல. வெளிச்சத்தை நான் வலது கன்னத்தில் அளந்தேன். அதற்குக் கிட்டக் குனிந்து கன நேரம் பார்க்கவேண்டும். வலது காதுக்குக் கீழே, கடலைப் பருப்பளவில் ஒரு மறு. அதன் மேல் இரண்டு மயிர். அவனோடு நான்கு வருசம் பழகியும் அதை அன்றைக்குத்தான் கண்டேன். இதை எனக்கு ஒருவரும் சொல்லித்தரவில்லை. நீங்கள் குளிக்க வார்த்த பிள்ளை, உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

இதற்குமேல் எழுத எனக்கு ஏலாமல் இருக்கிறது.

கடிதத்துக்குள் ஒரு படம் வைத்திருக்கிறேன். போன மார்கழியில் கோவில் வாசலில் எடுத்தது. பனி கொட்டுது, கெதியா எடுங்கோ அண்ணை என்று சிரித்துக்கொண்டு நின்றான். முகம் நன்றாக விழுந்திருக்கிறது. இதை அனுப்புவதா விடுவதா என்று இரண்டு நாள் யோசித்தேன். சிரிக்கிற முகத்தைக் கண்டுவிட்டு நீங்கள் இன்னும் காத்திருப்பீர்களோ என்று பயம். ஆனால் அந்தியேட்டிக்கு வீட்டில் வைக்க ஒரு படம் வேண்டும்தானே.

அதற்கு மாலையைப் போடுங்கோ அக்கா. அவன் வரமாட்டான்.

உங்கள் பிள்ளைக்குப் பிழை செய்த,
கணேசலிங்கம்