பாலியில் ஒரு மாமி

உன் அம்மா தந்துவிட்ட தூள் என் மேசையில் இருக்கிறது. வறுத்து அரைத்த மிளகாய்த்தூள். ஒன்றுக்குள் ஒன்றாகப் பொலித்தீன் பைகளில் போட்டு, வாயை இறுக்கிக் கட்டி, மேலே ஒரு துவாயையும் சுற்றித்தான் தந்தார். அப்படியிருந்தும் 183 பஸ்ஸின் மேல்தட்டில் எனக்கு முன்னால் இருந்தவர் இரண்டு தரம் திரும்பிப் பார்த்தார். நான் வழக்கம்போல யன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். நீ என்றால், கொஞ்சம் வேண்டுமா என்று அவரிடம் கேட்டிருப்பாய்.

பெருஞ்சீரகமும் கறிவேப்பிலையும் வறுபட்ட மணம் இப்போது என் அறை முழுக்க நிற்கிறது. யன்னலைத் திறந்தால் போய்விடும். திறக்கவில்லை.

நாம் பேசியது பெரும்பாலும் ஆங்கிலத்தில். ஆனாலும் இதைத் தமிழில்தான் எழுதுகிறேன். தமிழ் வாசிக்க உனக்கு நேரம் எடுக்கும். ஹரோ சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் ஒவ்வொரு எழுத்தின் கீழும் விரலை வைத்து, உதட்டை அசைத்து அசைத்து வாசிப்பாய். இப்போதும் நேரம் எடுக்கட்டும். ஆறுதலாக வாசி.

அந்த வகுப்பில்தானே உன்னைக் கண்டேன். நான் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து சில மாதங்கள்தான். வாரம் முழுவதும் பள்ளிக்கூடத்தில் ஒன்றும் விளங்காமல் இருந்துவிட்டு, சனிக்கிழமை மட்டும் எல்லாம் விளங்கும் இடத்துக்கு வருவேன். அங்கும் வாய் திறக்கமாட்டேன். நீயோ ஒன்றும் தெரியாமலே எல்லாக் கேள்விக்கும் கையை உயர்த்துவாய். நான் கொப்பியில் விடையை எழுதிக் காட்ட, நீ அதை உரத்துச் சொல்வாய். ரீச்சர் உன்னைக் கெட்டிக்காரி என்பார். பிறகு எத்தனை வருடம் போனாலும் நம்முடைய சிநேகிதம் இந்த ஒழுங்கிலேயே நடந்தது. யோசிப்பது நான், சொல்வது நீ.

இரண்டு வீட்டிலும் முதலில் பட்டம் வாங்கியவர்கள் நாம். வேலை கிடைத்து ஒரு வருடம் ஓடியதும், ஹொலிடே போகவேண்டும் என்று நீ நின்றாய். நாம் ஹொலிடே போகாதவர்கள் இல்லை. பாரிஸில் சித்தப்பா வீட்டுச் செற்றியில் படுத்திருக்கிறோம், கனடாவில் பெரியம்மா வீட்டு நிலவறையில் படுத்திருக்கிறோம். "எங்கட ஆக்களுக்கு உலகம் எண்டால் சொந்தக்காரற்றை வீடுகள்தான். நடுவில இருக்கிறதெல்லாம் எயார்போட்," என்று நீ சொல்வாய். எங்களை ஒருவருக்கும் தெரியாத ஓர் இடம் உனக்கு வேண்டியிருந்தது. பாலித் தீவின் கிழக்குக் கரையில் கறுப்பு மணல் என்று படத்தில் காட்டி, எங்கட நிறத்துக்குப் பொருத்தம் என்றாய்.

உன் வீட்டுக் குசினியில் உன் அம்மா, எனக்கு அன்ரி, றோல்ஸ் பொரித்துக்கொண்டிருந்தார். பாலி என்றதும் அவர் திரும்பவேயில்லை. "அங்க ஆர் இருக்கினம்?" என்று மட்டும் கேட்டார். ஒரு நாட்டைப் பற்றி நம் அம்மாக்களுக்குத் தெரியவேண்டியது அது ஒன்றுதான்.

"மாமி இருக்கிறா," என்றாய் நீ, கண்ணிமைக்காமல். "இவளின்ர அப்பான்ர பக்கம்."

எனக்குத் தேத்தண்ணீர் புரையேறிவிட்டது. அன்ரி என் முதுகில் தட்டிக்கொண்டே, "அப்ப சரி," என்றார்.

அடுத்த நாள் கிங்ஸ்பரியில் எங்கள் வீட்டில் என் அம்மாவும் அதையே கேட்டார். மாமி இருக்கிறா, எங்கட அம்மான்ர பக்கம் என்று அங்கும் சொன்னாய். ஒரே மாமி. இரண்டு வீட்டுக்கும் மற்ற வீட்டுச் சொந்தம். அடுத்தவரின் சொந்தத்தைத் துருவிக் கேட்பது மரியாதை இல்லை என்று இரண்டு பேரும் விட்டுவிடுவார்கள் என்பது உன் கணக்கு. அந்தக் கணக்குத் தவறவில்லை. நீ யோசிக்காமல் விட்டது ஒன்றுதான்: நம் ஆட்கள் மாமி வீட்டுக்குப் பிள்ளைகளை வெறுங்கையோடு அனுப்பமாட்டார்கள். உன் அம்மா தூள் வறுத்தார். என் அம்மா எள்ளுருண்டை பிடித்தார். இல்லாத ஒரு மனுசிக்காக நம்முடைய உடுப்புகளில் பாதியைப் பெட்டியிலிருந்து வெளியே எடுத்து வைத்தோம்.

பாலி விமான நிலையத்தில் சுங்க அதிகாரி பெட்டியைத் திறந்து, பையை மோந்து பார்த்து, தும்மினார். இது யாருக்கு என்று கேட்டார். நான் உன் முதுகுக்குப் பின்னால் நின்றேன். உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல இடம் இல்லை. அந்த அதிகாரி நம் அம்மாக்களுக்குச் சொல்லப் போவதில்லை. நீயோ, எங்கள் அன்ரிக்கு என்றாய். அன்ரி காரம் விரும்புவாரா என்று அவர் கேட்க, மிகவும் என்றாய். சிரித்துக்கொண்டே விட்டுவிட்டார்.

நாம் தங்கிய வீட்டுக்காரியை எல்லோரும் இபு கெதுத் என்றார்கள். இபு என்றால் அம்மா. கெதுத் என்றால் நாலாவதாகப் பிறந்த பிள்ளை. அந்த ஊரில் பிறந்த ஒழுங்கே பெயராகிவிடுகிறது. கரிய பின்னல், இடுப்பு வரைக்கும். காலையில் குருத்தோலைத் தட்டில் பூவும் ஒரு பிடி சோறும் சில நேரம் ஒரு பிஸ்கட்டும் வைத்து, ஊதுபத்தி கொளுத்தி, வாசலில் நிலத்திலேயே வைத்துவிட்டுப் போவார். படையலைக் காலடியில் வைப்பதா என்று எனக்குப் பதைத்தது. ஒருவரும் பார்க்காத நேரம் எடுத்து மதில்மேல் வைத்தேன். அவர் திரும்ப நிலத்தில் வைத்தார். மறுநாளும் நான் மதிலில் வைக்க, அவர் கையும் களவுமாகப் பிடித்து, வயிறு குலுங்கச் சிரித்தார். மேலே இருப்பவர்களுக்கு மேலே, கீழே திரிபவர்களுக்குக் கீழே, அவர்களுக்கும் பசிக்கும்தானே என்று கையாலும் கொஞ்ச ஆங்கிலத்தாலும் சொன்னார். அன்று முழுதும் நீ என்னைக் 'கோயில் பொலிஸ்' என்றாய்.

ஊர்க் கோயில் திருவிழாவுக்கும் அவர்தான் கூட்டிப்போனார். சாறம் உடுத்தி, இடுப்பில் மஞ்சள் துணி கட்டிப் போனோம். உள்ளே உயரத்தில் ஒரு கல் ஆசனம் மட்டும் இருந்தது. அதில் ஒருவரும் இல்லை. சிலை எங்கே என்று கேட்டேன். வெறுமையாகத்தான் இருக்கும், கூப்பிட்டால் வந்து இருப்பார் என்றார் கெதுத். நீ என் காதுக்குள் சொன்னாய்: "எங்கட மாமியைப் போல."

கறுப்பு மணல் வெயிலில் சுட்டது. இரண்டு பக்கமும் மூங்கில் கை நீட்டிய வள்ளங்கள் வரிசையாகக் கிடந்தன, முனையில் கண் வரைந்தபடி. நீ நேரே போய் நீரில் மல்லாந்து மிதந்தாய். எனக்கு நீந்தத் தெரியாது, முழங்கால் ஆழத்தில் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். "எடியே, இங்க எங்களை ஒருத்தருக்கும் தெரியாது. தண்ணிக்குள்ள இருந்துபார்," என்று கத்தினாய். இருந்தேன். கழுத்துவரை நீர் வந்தது. ஒருவரும் பார்க்கவில்லை. ஒருவருக்கும் தெரியாமல் இருப்பது அவ்வளவு இலேசாக இருக்கும் என்று எனக்கு அதற்குமுன் தெரியாது.

தூளை என்ன செய்வது என்ற கேள்வி திரும்பும் நாள் நெருங்க நெருங்கப் பெரிதானது. எறிய உனக்கு மனம் வரவில்லை. அம்மா இருமி இருமி வறுத்தது என்றாய். கெதுத் குசினியில் பயற்றங்காயைத் தேங்காய்ப்பூவோடு பிரட்டிக்கொண்டிருந்தார். எங்கள் வறைதான், எலுமிச்சைப்புல் மணம் மட்டும் கூட. நீ பையை அவர் கையில் கொடுத்தாய். விரலால் தொட்டு நாக்கில் வைத்தார். கண் நிறைந்து வழிந்தது. அன்று வந்த மீனைத் தேங்காய்ப்பாலில் போட்டு, அந்தத் தூளையும் தூவிக் கறி வைத்தார். மூன்று பேரும் மூக்கைத் துடைத்துத் துடைத்துச் சாப்பிட்டோம். நீ அவரை மாமி என்று கூப்பிடத் தொடங்கினாய். அது பொய்தானே என்று நான் முணுமுணுக்க, "தூள் ஆருக்குப் போகுதோ அவதான் மாமி," என்றாய்.

கெதுத் அடுப்பைப் பார்த்து நிற்க, நீ கோப்பையைத் தூக்கிப் பிடித்துச் சிரிக்கும் படத்தை வீட்டுக்கு அனுப்பினோம். அவருடைய முகம் தெரியாமல் கவனமாக எடுத்தது. மாமிக்கு என்ன வடிவான தலைமயிர் என்று உன் அம்மா பதில் போட்டிருந்தார். அந்தப் படம் பிறகு உங்கள் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டிக் கதவுக்கு வந்தது.

அடுத்த மாரியில் தலையிடி என்று வேலையிலிருந்து நேரத்தோடு வந்து படுத்தாய். அதற்குமேல் எழுத எனக்கு ஏலாது. உனக்குத் தெரியும்தானே.

உன் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியைக்கு வந்தவர்களுக்குச் சாப்பாடு போட்டு முடிந்தபின், அன்ரி என் கையைப் பிடித்து, "மாமிக்குச் சொன்னனியோ?" என்று கேட்டார். ஓம் என்று தலையாட்டினேன். அது பொய்யாக இருக்கக்கூடாது என்பதற்காக அன்றைக்கே கெதுத்துக்கு எழுதினேன். பதிலாக ஒரு படம் மட்டும் வந்தது. வீட்டுச் சன்னிதியில், உயரத்தில், ஓலைத் தட்டு. அதில் நீ தினமும் கேட்டு வாங்கிச் சாப்பிட்ட பச்சைக் குட்டி அப்பங்கள், தேங்காய்ப்பூவும் பனங்கட்டிப் பாகும் போட்டு.

அதை ஒருவருக்கும் காட்ட முடியவில்லை. நீ இருந்தவரை அந்த மாமி நமக்கு ஒரு பகிடி. நீ போனபின் அவரைத் தெரிந்த ஒரே ஆள் நான். சிரிப்பு வந்தால் அதைக் கொண்டுபோக இடமில்லை. நம்மை ஒருவருக்கும் தெரியாத இடத்தைத் தேடி அவ்வளவு தூரம் போனோம். இப்போது வேலைக்குப் போகும் ரயிலும் சாப்பாட்டு நேரமும் கோயில் வீதியும் எனக்கு அப்படித்தான் இருக்கின்றன. இது இலேசாக இல்லை.

அன்ரி விடவில்லை. போகும் நேரமெல்லாம் மாமியைப் பற்றிக் கேட்டார். நீ அங்கே என்ன சாப்பிட்டாய், எந்நேரம் எழும்பினாய், மாமி உனக்குத் தலை வாரி இழுத்துவிட்டாரா. நான் கெதுத் செய்ததையெல்லாம் மாமி செய்ததாகச் சொன்னேன். போன கிழமை அவர் படத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்: "அவவின்ர நம்பரைத் தா, பிள்ளை. ஒருக்காக் கதைக்கவேணும். என்ர பிள்ளை இப்பிடிச் சிரிக்கேக்கை பக்கத்தில நிண்டவ."

 உண்மையைச் சொன்னால், நீ திரும்பிப் பதில் சொல்ல முடியாத நேரத்தில் உன்னை உன் அம்மாவிடம் பொய்க்காரியாக்குவேன். சொல்லாவிட்டால், உன்னைப் பெற்றவள், இல்லாத ஒருத்தியின் குரலுக்காகக் காத்திருப்பாள். பழக்கத்தில் பக்கத்துக் கதிரையைப் பார்த்தேன். விடையை உரத்துச் சொல்லும் ஆள் அங்கே இல்லை.

"அன்ரி, பாலியில மாமி எண்டு ஒருத்தரும் இல்லை."

அன்ரி படத்தைத் திரும்பக் கிட்டப் பிடித்துப் பார்த்தார். பிறகு கேட்டார்: "அப்ப அந்தத் தூளை ஆர் சாப்பிட்டது?"

எல்லாவற்றையும் சொன்னேன். நான் ஒரே மூச்சில் அவ்வளவு பேசியது அதுதான் முதல்தடவை. இரண்டு பக்கத்து மாமியையும், சுங்கத்தில் தும்மியவரையும், மீன்கறியையும், நீ சொன்னதையும். அனுப்பாமல் வைத்திருந்த மற்றப் படத்தைப் போனில் காட்டினேன். அதில் கெதுத் இந்தப் பக்கம் திரும்பி, கண் சிவந்து, உன் தோளில் கைபோட்டு நிற்கிறார். அன்ரி முதலில் உன் முகத்தை இரண்டு விரலால் பெரிதாக்கி நெடுநேரம் வைத்திருந்தார். பிறகு மெதுவாக மற்ற முகத்துக்கு வந்தார்.

"தலைமயிர் அவவின்ரைதான்," என்றார். பிறகு, "கள்ளி," என்றார். அது உனக்கு. சொல்லும்போது சிரிப்பும் வந்தது, மற்றதும் வந்தது.

கூப்பிட்டுத் தரட்டுமா என்று கேட்டேன். "நான் என்ன பாசையில கதைக்கிறது? அந்தத் தூள் எப்பவோ முடிஞ்சிருக்கும்," என்றபடி எழும்பி, அலுமாரியிலிருந்து செத்தல்மிளகாயை எடுத்தார்.

அந்தப் பொதிதான் இது. முந்தைய பொதியில் 'மாமிக்கு' என்று மட்டும் எழுதியிருந்தார். இதில் 'கெதுத் மாமிக்கு' என்று, என்னிடம் எழுத்தைக் கேட்டுக் கேட்டு எழுதியிருக்கிறார்.

லீவு எடுத்துவிட்டேன். தனியாகத்தான் போகிறேன். நேற்று என் அம்மாவிடம் சொன்னபோது அவர் கேட்டது உனக்குத் தெரியும். "அங்க ஆர் இருக்கினம்?"

"மாமி இருக்கிறா."

"அது அவையளின்ர மாமியெல்லோ. நீ தனியப் போய் நிண்டால் என்ன நினைப்பா?"

"இல்லையம்மா. எங்கட மாமிதான்."

 அம்மா எள் இருக்கிறதா என்று பார்க்கப் போய்விட்டார்.

பெட்டியை அடுக்கி முடித்துவிட்டேன். தூளை நடுவில் வைத்து, சுற்றிவர உடுப்பு. அங்கே அந்த அதிகாரியோ வேறொருவரோ இதைத் திறந்து, இது யாருக்கு என்று கேட்பார். ஒளிந்துகொள்ள முன்னால் ஒரு முதுகு இருக்காது. எங்கள் அன்ரிக்கு, ஓம், காரம் மிகவும் விரும்புவார் என்று நானே சொல்லவேண்டும். இப்போதே ஒருதரம் உரத்துச் சொல்லிப் பார்த்தேன். வீட்டில் ஒருவரும் இல்லை. குரல் கொஞ்சம் தடுக்கியது. திரும்பவும் சொன்னேன். இந்தமுறை பரவாயில்லை.