நாற்பதில் ஒருத்தி

ஜனவரி 9

கோப்பு போயாகிவிட்டது. நூற்றுப் பன்னிரண்டு பக்கம். வாரம் ஒரு மாலை, பன்னிரண்டு வாரம், பதினாறு வயதுப் பிள்ளையும் அதன் வீட்டுப் பெரியவர் ஒருவரும் எதிரெதிரே உட்கார்ந்து பேசப் பழகுவது — இவ்வளவுதான் எங்கள் திட்டம். அது உண்மையிலேயே பலன் தருகிறதா என்று நிபுணர் குழு ஆராய்ந்து, தேறினால் அங்கீகாரப் பட்டியலில் சேர்க்கும். அப்புறம் எல்லாப் பள்ளிகளும் கேட்டு வாங்கும். மூன்று வருடத்துக்கு முன் வந்த முதல் அணியைத் தேடிப் பிடித்து வாங்கிய பதில்கள்தான் எங்கள் சான்று. அட்டவணைகள் எனக்குத் தலைகீழாகத் தெரியும்.

எங்கள் புள்ளிவிவரக்காரர் எதையும் இரண்டு தசம இடத்துக்குக் குறைத்துச் சொல்லமாட்டார். அதனால் அவருக்குத் 'தசமம்' என்றே பெயர். இன்று, "அநேகமா கிடைச்சிடும் மேடம்" என்றார். தசமம் இல்லாமல் சொன்னதே பயமாக இருந்தது.

பிப்ரவரி 20

குழுவிடமிருந்து ஆறு கேள்விகள். ஐந்துக்கு உட்கார்ந்த இடத்திலேயே பதில் எழுதிவிட்டேன். ஆறாவது: 'நாற்பது பேர் சேர்ந்ததாக இரண்டாம் பக்கம் சொல்கிறது. அட்டவணையில் முப்பத்தொன்பது பேரே இருக்கிறார்கள். ஒருவர் எங்கே?'

தசமம் என் முகத்தைப் பார்த்தார். "நான் கவனிக்கலையே. பட்டியல் நீங்கதானே குடுத்தீங்க?"

எங்கே என்று எனக்கும் தெரியாது. அதுதான் உண்மை.

பிப்ரவரி 21

எழுதிவிடுகிறேன். அட்டவணையில் இல்லாத அந்தப் பதினேழாம் எண் என் தங்கை.

அம்மா போனபோது அவளுக்கு எட்டு வயது, எனக்கு இருபத்துநாலு. அதற்குப் பிறகு எங்களுக்கு வேறு யாரும் இல்லை. முதல் அணியில் அவளைச் சேர்த்தேன். அவளுக்கு வீட்டுப் பெரியவர் நான். நாலாவது வாரப் பயிற்சியில் பிள்ளை ஐந்து நிமிடம் பேச வேண்டும், பெரியவர் குறுக்கே பேசாமல் கேட்க வேண்டும். அந்தப் பயிற்சியை எழுதியவளே நான்தான். இரண்டாவது நிமிடமே வாயைத் திறந்தேன். "அப்படி எப்ப நடந்தது? பொய் சொல்லாதே" — எல்லார் முன்னாலும்.

அவள் எழுந்தாள். "ஊருக்கெல்லாம் சொல்லிக்குடு. உனக்கு மட்டும் வராது" என்றாள். வகுப்புக்கு மறுபடி வரவில்லை. வீட்டில் அதன் பிறகு 'சாப்பிட்டியா', 'ம்'. அவ்வளவுதான் பேச்சு. பதினெட்டு முடிந்ததும் பையை எடுத்துக்கொண்டு போனாள். போன் நம்பரையும் மாற்றிவிட்டாள். ஒன்றரை வருடம் ஆகிறது.

பட்டியலிலிருந்து அவளை எடுத்தது நான். 'ஊழியரின் உறவினர்' என்று என் குறிப்பேட்டில் காரணம் எழுதி வைத்திருக்கிறேன். காரணம் அதுவா? வெட்கம்.

பிப்ரவரி 24

தசமத்திடம் சொல்லிவிட்டேன். திட்டுவார் என்று நினைத்தேன்.

"பாதியில போனவங்களையும் சேர்த்துத்தான் பார்க்கணும் மேடம். போனவங்களை எடுத்துட்டா எந்தத் திட்டம்தான் தோற்கும்?" என்றார் மெதுவாக.

அவளைத் தேடிக் கேட்க வேண்டும். நான் கேட்கக் கூடாது. வெளியாள்தான் கேட்க வேண்டும். மற்ற முப்பத்தொன்பது பேரிடம் போன களப்பணி அம்மாவே போகிறார். முகவரி கிடைத்தாலும் எனக்குச் சொல்லமாட்டார். பதில் அனுப்ப மார்ச் 22 கடைசி நாள்.

மார்ச் 3

அவளுடைய பள்ளித் தோழி ஒருத்தி மூலம் தகவல் கிடைத்திருக்கிறதாம். எந்த ஊர் என்று கேட்க வாய் வரை வந்தது. விழுங்கிவிட்டேன்.

மார்ச் 11

பேருந்து நிறுத்தத்தில் நகத்தைக் கடித்துக்கொண்டு ஒரு பெண் நின்றாள். கிட்டே போய்ப் பார்த்தேன். அவள் இல்லை. அந்தப் பெண் பயந்துவிட்டாள், பாவம்.

ஈரத் துண்டை நாற்காலியில் போடாதே என்று எத்தனை முறை கத்தியிருப்பேன்! இப்போது நாற்காலி காய்ந்தே கிடக்கிறது. வந்து போடேன்டி. நாலு துண்டு போடு. ஒன்றும் சொல்லமாட்டேன் — சொல்வேனோ? சொன்னாலும் சொல்வேன், என் வாய் அப்படி. ஆனாலும் வா.

மார்ச் 18

களப்பணி அம்மா ஒட்டிய உறையைத் தசமத்திடம் கொடுத்தார். வாசல் வரை அவர் கூடவே போனேன்.

"மெலிஞ்சிருக்காளாம்மா?"

"அதுக்கு நம்ம படிவத்துல கேள்வி இல்லையேம்மா."

அவரைக் கோபித்துக்கொள்ள முடியாது. நான் போட்ட விதி. என் கையைப் பிடித்து அழுத்திவிட்டுப் போனார்.

மார்ச் 20

பல் தேய்க்கும்போதுதான் உறைத்தது. ஒன்பதாம் கேள்வி: 'கஷ்டம் வந்தால் வீட்டில் யாரிடமாவது சொல்வீர்களா?' பழைய அட்டவணையில் முப்பத்தோரு பேர் 'ஆம்'. புதியதிலும் முப்பத்தொன்று என்றால், இல்லை என்று சொல்லியிருக்கிறாள். முப்பத்திரண்டு என்றால் — அவளுக்கு வீடு என்றால் நான் ஒருத்திதானே.

யார் கண்ணிலும் படாது என்று சொல்லி வாங்கிய பதில். ஆனால் கையெழுத்துக்கு அட்டவணை என்னிடம்தான் வரும். ஒரே ஒரு எண். பார்த்தால் என்ன?

மத்தியானம் வரை பொறுத்துப் பார்த்துவிட்டு, தசமத்திடம் போய்ச் சொன்னேன்.

"ஐயோ" என்றார். "எனக்குத் தோணவே இல்லையே."

"அட்டவணையை நீங்களே அனுப்பிடுங்க. மேல்தாள்ல மட்டும் நான் கையெழுத்துப் போடறேன்."

"உங்களால முடியுமா மேடம்?"

முடியவில்லை. ஆனாலும் போட்டேன்.

மார்ச் 21

அனுப்பியாகிவிட்டது. தசமத்தின் மேசை இழுப்பறை பூட்டியிருக்கிறது. இழுத்துப் பார்த்ததால் தெரியும்.

ஏப்ரல் 16

புது அணிக்கு நாலாவது வாரம். லாரி ஓட்டும் அப்பா ஒருவர், முழங்காலை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, மகள் பேசிய ஐந்து நிமிடமும் வாயைத் திறக்கவில்லை. இவருக்கு வருகிறது. பொறாமையாக இருந்தது. கைதட்டினேன்.

மே 30

இன்னும் ஒன்றும் வரவில்லை. குழுவிடமிருந்தும்தான்.

ஜூலை 14

முடிவு வந்தது. மாலை வகுப்புக்கு எங்களுக்கு அறை தரும் தலைமையாசிரியை கடிதத்தைப் பிடுங்கி, நின்றபடியே உரக்கப் படித்தார். அங்கீகாரம் உண்டு. ஒரே பள்ளியில் நடந்ததால் முதல் நிலை இல்லை, இரண்டாம் நிலை. அடுத்த பத்தி: 'மூன்று ஆண்டுகளுக்குப் பிறகும், நாற்பது பேரில் முப்பத்திரண்டு பேர், கஷ்டம் வந்தால் வீட்டில் ஒருவரிடம் சொல்வோம் என்று கூறியிருப்பதைக் குழு குறிப்பாகக் கவனித்தது.'

அதற்கு மேல் அவர் படித்தது என் காதில் விழவில்லை. முப்பத்திரண்டு.

தசமம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"என்னம்மா இது, முதல் நிலை வரலைன்னு இப்படியா அழுவாங்க?" என்றார் தலைமையாசிரியை.

ஆமாம், அதற்குத்தான் என்றேன். வேறு என்ன சொல்ல முடியும்? அவள் அதை என்னிடம் சொல்லவில்லையே.