சாட்சிக் கோட்டில் என் கையெழுத்து

மார்ச் 4

ஆர்வில் இன்று எங்கள் ஈமச்சடங்கு நிலையத்துக்குத் தானே நடந்து வந்தார், ஆக்சிஜன் உருளையை இழுத்துக்கொண்டு. முப்பது குளிர்காலம் இந்த ஊர்ச் சாலைகளில் பனி வாரியவர்.

"புதைக்கவும் வேணாம், எரிக்கவும் வேணாம் வில்மா. மருத்துவக் கல்லூரிக்குக் குடுத்துடு. இந்த நுரையீரலப் பாத்தாவது படிக்கிற பிள்ளைங்க சிகரெட்ட விடட்டும்."

படிவத்தில் கையெழுத்திட்டார். சாட்சிக் கோடு காலியாக இருந்தது, நான் போட்டேன். பிறகு இரண்டு துண்டு ஆப்பிள் கேக் சாப்பிட்டார்.

மார்ச் 6

பனி. வேலை இல்லை. சுகம்.

மார்ச் 10

மாநில அரசிடமிருந்து புதிய சட்டத்தின் நகல் வந்தது. தானமாக வந்த உடல்களைத் துண்டு போட்டு விற்றானே ஒரு பாவி, அவனால் வந்த சட்டம். போன மாதமே அமலுக்கு வந்துவிட்டது. வரட்டும் என்று கை தட்டியவள் நான்.

பதினோராம் பக்கம்: உடல்தானப் படிவத்தில் ஈமச்சடங்குத் தொழில் செய்பவர் சாட்சி போட்டால் குற்றம். உரிமம் ரத்து. ஓராண்டு வரை சிறை.

அட கடவுளே — நான்தானே போட்டேன்! முப்பத்தோரு வருஷமா காலிக் கோட்டப் பாத்தா கை தானா போயிடுது. புத்தி எங்க போச்சு எனக்கு?

தம்பி மெர்ல் காப்பியை உறிஞ்சிக்கொண்டே சொன்னான்: "கிழிச்சுப் போடுக்கா. யாருக்குத் தெரியப்போகுது?"

கிழித்துவிட்டு ஆர்வில் முகத்தில் எப்படி விழிப்பேன்? அப்படிக் கிழிக்கிறவர்களுக்காகத்தானே இந்தச் சட்டமே வந்தது?

மார்ச் 11

மாநில ஆய்வாளர் அர்ச்சுலெட்டாவுக்கு நானே போன் செய்து சொல்லிவிட்டேன்.

"நீங்களா வந்து சொன்னதால எச்சரிக்கைக் கடிதத்தோட விட்டுடலாம்மா. ஆனா பழைய படிவம் செல்லாது. அவர் நினைவோட இருக்கும்போதே வேற ரெண்டு பேர் சாட்சி போடணும். நீங்க அந்த அறையிலயே இருக்கக் கூடாது."

ஆர்வில் நேற்று ஆஸ்பத்திரியில் சேர்ந்திருக்கிறார். பேச்சு விட்டு விட்டு வருகிறதாம்.

மார்ச் 12

ஆஸ்பத்திரி நடையில் நின்றேன். உள்ளே ஆர்வில், ஒரு நர்ஸ், தபால் நிலையத்து ட்ரூடி. நீளமாக ஓர் இருமல். பிறகு சத்தமே இல்லை. கதவுப் பக்கம் காதைச் சாய்த்தேன்.

அப்புறம் அவர் குரல்: "வெளிய நிக்கிற கைதிகிட்ட சொல்லுங்க, போட்டாச்சுன்னு!"

சிரித்தேன். மூக்கும் ஒழுகியது.

மார்ச் 19

ஆர்வில் காலையில் போய்விட்டார். பத்து மணிக்குக் கல்லூரி வண்டி வந்தது.

எனக்கு ஒரு வேலையும் இல்லை. குளிப்பாட்ட வேண்டாம், சவப்பெட்டி காட்ட வேண்டாம், கறுப்புக் கோட்டு மாட்டிக்கொண்டு எல்லோரிடமும் தணிந்த குரலில் பேச வேண்டாம். பழைய நீலக் கம்பளிச் சட்டையோடு சாலையோரம் ஊர்க்காரர்களோடு நின்றேன். முப்பத்தோரு வருடத்தில் இந்த ஊர்ச் சாவு ஒன்றுக்கு நான் வெறும் சிநேகிதியாக நின்றது இதுதான் முதல் தடவை.

வாய்விட்டு அழுதேன். ட்ரூடி என் தோளைப் பிடித்துக்கொண்டாள்.