இருபத்தெட்டுப் பசுக்கள் வேலி தாண்டியது குறித்து

அனுப்புநர்
பிளாசி டெருங்ஸ்,
மேல்தெரு, சுர்வால்.

பெறுநர்
மேய்ச்சல் நில அலுவலர் அவர்கள்,
ஊராட்சி அலுவலகம், சுர்வால்.

பொருள்: ஊர் மந்தையின் மேய்ப்பர் மெங்கியாவை நீக்கிய ஆணையை ரத்து செய்யக் கோருவது.

மதிப்புக்குரிய ஐயா,

நடந்தது அத்தனையையும் நான் முன்பே சொன்னேன். மே 12 அன்றே தங்கள் அலுவலகத்துக்கு நான்கு பக்கம் எழுதியும் அனுப்பினேன். நான் ஆறாம் வகுப்போடு நின்றவன்தான். ஆனாலும் இந்தப் பள்ளத்தாக்கின் மாட்டு வைத்தியர்கள் என்னைக் கேட்காமல் ஊசியைக் கையில் எடுப்பதில்லை.

1. இவ்வாண்டு பனி மூன்று வாரம் முன்னதாக உருகியது. கீழ் மேய்ச்சலில் புல் சீக்கிரம் வந்து சீக்கிரம் தீர்ந்தது. ஆயினும் மந்தை மேல் மலைக்கு ஏறும் நாள் ஜூலை 1 என்று அலுவலகம் முடிவு செய்திருந்தது.

2. மெங்கியா என் தங்கை மகள். முன்கூட்டியே ஏற அனுமதி கேட்டு ஜூன் 18 அன்று தங்கள் அலுவலகத்துக்கு நேரில் வந்தாள். "மந்தை ஏறுற அன்னிக்கு நடக்கிற பூ ஊர்வலத்துக்கு நோட்டீஸ் அடிச்சாச்சு, பேண்டுக்கும் சொல்லியாச்சு. உன் மாடு கொஞ்சம் இளைச்சா தலையில வைக்கிற பூக்கிரீடம் இன்னும் எடுப்பா இருக்கும், போம்மா" என்று எழுத்தர் சிரித்தாராம்.

3. பசு பசியை வாயால் சொல்லாது, மேய்ச்சலால் சொல்லும். ஜூன் தொடக்கத்தில் மந்தையின் தலைவிப் பசு மொரெட்டா காலையும் மாலையும் மேய்ந்து, நடுப்பகலில் படுத்து அசைபோட்டாள். நிமிடத்துக்கு ஐம்பது கடி, வாய் நிறையப் புல். கடிகாரம் வைத்து எண்ணினேன். இருபதாம் தேதிக்குப் பிறகு எழுபது கடி. ஆனால் வாயில் ஒன்றுமில்லை. படுக்கவே இல்லை. மிச்சமிருந்தது சாணத்தைச் சுற்றி வளர்ந்த புல்தான். அதை முகர்ந்துவிட்டு நகர்ந்தாள். பாலும் பாதியானது.

4. ஜூன் 27 அன்று இருபத்தெட்டும் வேலியைச் சாய்த்து, குளிர்காலத் தீவனத்துக்கு அறுக்க விட்டிருந்த ஊராட்சிப் புல்வெளியில் இறங்கின. மேய்ப்பர் தூங்கியதே காரணம் என்கிறது தங்கள் ஆணை. அவள் அப்போது ஏழு பசுக்களைத் தனியாகத் தோளால் முட்டுக்கொடுத்துத் தடுத்துக்கொண்டிருந்தாள்.

வேலை போனால் செப்டம்பர் வரை அவள் தங்கும் மலைக்குடிலும் போகும். ஆகவே தாங்கள் இன்றே வந்து கீழ் மேய்ச்சலைக் கண்ணால் பார்த்து, ஆணையை ரத்து செய்து, நாளை மந்தைக்கு முன்னால் அவளையே நடக்கவிடுமாறும், இனி ஏறும் நாளைப் புல்லைப் பார்த்து மேய்ப்பரே முடிவு செய்ய அனுமதிக்குமாறும் பணிவுடன் வேண்டுகிறேன்.

இடம்: சுர்வால்
நாள்: ஜூன் 30

இப்படிக்கு,
பிளாசி டெருங்ஸ்

சாட்சி: மெங்கியா

பி.கு.: சாட்சிக் கையெழுத்துக்கு நீட்டியபோது மெங்கியா இதைப் படித்துவிட்டு, "மாமா, ஏழு பசுவைத் தடுத்த கதையைக்கூட விட்டுடறேன். அந்த மே மாசக் கடுதாசியைச் சரிபண்ணாம நான் கையெழுத்துப் போடமாட்டேன்" என்று பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். ஆகையால் தெரிவித்துக்கொள்வது: அந்தக் கடிதத்துக்காகத் தாங்கள் அலமாரியைக் கலைக்க வேண்டாம். நான் எழுதவில்லை. மதுக்கடையில் சத்தமாகச் சொன்னதோடு சரி. ஜூன் 18 அன்று அவள் வந்து கேட்டது மட்டும் நிஜம். அது போதும் என்கிறாள்.